படித்த கல்லூரிக்கே துணைப் பயிற்சியாளராகப் போகலாமா?

கேள்வி: கல்லூரி அணியில் மூன்று வருடம் கூடைப்பந்து ஆடினேன். இப்போது அங்கேயே துணைப் பயிற்சியாளராக வரச் சொல்கிறார்கள். என்னோடு ஆடிய இரண்டு பேர் இன்னும் அங்கே முதுகலை படித்துக்கொண்டு அணியில் இருக்கிறார்கள். போகலாமா?

போங்கள். நானும் அப்படிப் போனவள்தான். இது மூன்றாவது வருடம்.

சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். படித்தேன். மூன்று வருடமும் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவள். கடைசி வருடம் கேப்டன். அப்புறம் இரண்டு வருடம் பி.பி.எட். என்ற உடற்கல்விப் படிப்பை முடித்துவிட்டு அதே சிமென்ட் கோர்ட்டுக்கு விசிலோடு திரும்பி வந்தேன்.

முதலில் கஷ்டப்பட்டது உட்காருவதற்குத்தான். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி ஆட்டம் நடக்கும்போது தலைமைப் பயிற்சியாளர், முதல் துணைப் பயிற்சியாளர் இருவரில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் நின்றுகொண்டிருக்கலாம். எங்கள் மேடம் ஜம்ப் பாலிலிருந்து கடைசி விசில் வரை நிற்பவர். அதனால் நான் உட்கார வேண்டும். முதல் மேட்சில் எதிரணி வேகமாக ஓடி வரும்போதெல்லாம் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். மேடம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் கீழே அசைத்தார்.

ஆனால் உட்கார்ந்த பிறகுதான் பந்து இல்லாத பக்கம் என் கண்ணில் பட்டது. ஆடும் நாளில் பந்தும் பந்துக்காக ஓடி வருபவளும்தான் எனக்குத் தெரியும். பெஞ்சிலிருந்து பார்த்தால், ஷாட் போனவுடன் யார் தன் ஆளை முதுகால் மறிக்காமல் ரிங்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பந்து பறிபோனவுடன் யார் இரண்டு அடி தாமதமாகத் திரும்புகிறாள் எல்லாம் தெரிகிறது. இதோடு நோட்டுப் புத்தகமும் என் மடியில் இருக்கும். ஐந்து ஃபவுல் ஆனால் ஆள் வெளியே. ஒரு குவார்ட்டரில் அணிக்கு நான்கு ஃபவுல் சேர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு நம் டிஃபென்ஸ் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. டைம் அவுட் முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3. நான் ஆடியபோதும் இதையெல்லாம் யாரோ எனக்காக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது யார் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். எனக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள். நான் கேப்டனாக இருந்த வருடம் அவள் முதலாம் ஆண்டு. நான் திரும்பி வந்தபோது எம்.ஏ. முதல் வருடம். ஹாஸ்டலில் என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டவள். நான் வந்த அன்று கோர்ட்டின் அந்தக் கோடியிலிருந்து "அக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மற்ற பெண்களும் அன்றிலிருந்து அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் மாற்றவில்லை. மேடம் என்று கூப்பிட வைத்தால்தான் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருடம் ஏற்காட்டிலிருந்து ஒரு முதலாமாண்டுப் பெண் வந்தாள். அப்பா அம்மா இருவருக்கும் காபி எஸ்டேட்டில் வேலை. நல்ல கை, ஆனால் அவள் ஷாட் எல்லாம் ரிங்கைத் தாண்டிப் பின்னால் அடித்தது. எங்கே பழகினாய் என்று கேட்டேன். பள்ளியில் இருந்தது பையன்களின் 7-ஆம் எண் பந்து ஒன்றுதான் என்றாள். பெண்களுக்கு 6-ஆம் எண். சுற்றளவு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைவு, எடையும் குறைவு. ஆறு வருடம் கனமான பந்தை எறிந்து பழகிய கைக்கு எங்கள் பந்து காற்றாகத் தெரிந்திருக்கிறது. ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. திங்கட்கிழமை காலைப் பயிற்சிக்கு மட்டும் அவள் வரமாட்டாள். சோம்பேறி என்று மேடம் நினைத்துவிட்டார். வார இறுதியில் வீட்டுக்குப் போகும் பெண், 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஆறு மணிக்குக் கோர்ட்டில் நிற்க முடியாது என்பது எனக்குத் தெரியும். என் ரூம்மேட் ஏற்காட்டுக்காரி. மேடத்திடம் சொன்னேன். அவளுக்கு மட்டும் திங்கள் பயிற்சி மாலைக்கு மாறியது.

அந்தப் பெண்ணை ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐந்து பேரில் இறக்கலாம் என்று சொன்னதும் நான்தான். அவள் உள்ளே வந்தால் வெளியே வர வேண்டியவள் என் பழைய தோழி. முடிவு மேடத்துடையது, ஆனால் யார் சொல்லி நடந்தது என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினாள், "மேடம்" என்று. அந்த ஒரு சொல் என்னைக் குத்திய மாதிரி, தோற்ற எந்த மேட்சும் குத்தியதில்லை.

என் முடிவு தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. அணிக்கு அது தேவைப்பட்டது. ஆனால் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறுவதற்கு முன்னால், நான் அவளைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்தேன்.

இந்த வேலையில் பாதி கோர்ட்டுக்கு வெளியேதான் நடக்கிறது. அம்மாபேட்டையில் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இதுல என்னம்மா கெடைக்கும்?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் கல்லூரிக் கோப்பை மட்டும் அதற்குப் போதாது, பெரிய போட்டிகளில் சாதித்த சான்றிதழ் வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். கல்யாணம் ஆகிவிட்டால் இதெல்லாம் என்ன ஆகும் என்று அம்மா கேட்டார். அனிதா பால்துரை பற்றிச் சொன்னேன். நம் தமிழ்நாட்டுப் பெண், இந்தியக் கூடைப்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்தவர், குழந்தை பிறந்த பிறகும் இந்தியாவுக்கு ஆடியவர், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவர்கள் இதற்கு முன் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. "எத்தனை மணிக்கு வுடுவீங்க?" என்று மட்டும் கேட்டார் அப்பா. ஆறரைக்குள் ஐந்து ரோட்டில் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றேன். இன்றுவரை ஏற்றிவிடுகிறேன்.

இன்னொன்று, நீங்கள் போனவுடன் பிடிவாதமாகச் செய்ய வேண்டியது. குதித்து இறங்கக் கற்றுக்கொடுங்கள். முழங்கால் உள்ளே மடங்காமல், இரண்டு காலிலும் மெத்தென்று இறங்குவது. முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார், நாம் ஏ.சி.எல். என்று சொல்வது, ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் கிழிகிறது. பெரும்பாலும் யாரும் மோதாமலே, இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும். என் கடைசி வருடத்தில் எங்கள் அணியில் சென்டராக ஆடியவள் அப்படித்தான் விழுந்தாள், பக்கத்தில் ஒருவருமே இல்லை. அதோடு அவள் ஆட்டம் முடிந்தது. வாரம் மூன்று நாள், பதினைந்து நிமிடம் போதும். போரடிக்கிறது என்பார்கள், விடாதீர்கள்.

சம்பளம் தொகுப்பூதியமாகத்தான் இருக்கும், அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். நான் பகலில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் நிரந்தர உடற்கல்வி இயக்குநராக வேண்டும் என்றால் எம்.பி.எட். படித்து, நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேற வேண்டும், அல்லது பிஎச்.டி. பயிற்சியாளராகவே போக ஆசை என்றால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ இருக்கிறது. அங்கே ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. நான் இப்போது எம்.பி.எட். சேர்ந்திருக்கிறேன்.

என் தோழி எம்.ஏ. முடித்துப் போய்விட்டாள். கடைசி வருடம் முழுக்க பெஞ்சிலிருந்துதான் இறங்கினாள், ஒரு நாள் பயிற்சியும் தவறவிடவில்லை. டைம் அவுட்டில் அந்த ஏற்காட்டுப் பெண்ணின் தோளில் கை போட்டு என்னவோ சொல்லிக்கொண்டிருப்பாள். என்ன சொன்னாள் என்று கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினாள். அதிலும் மேடம்தான்.

முதல் நாள் விசிலை எடுப்பதற்கு முன்னால் உங்கள் தோழிகள் இருவரையும் தனியாகக் கூட்டிப்போய், தட்டுவடை செட் வாங்கிக்கொடுத்துப் பேசிவிடுங்கள். "உங்களை வெளியே உட்கார வைக்கச் சொல்லும் நாள் வரலாம், வந்தால் முதலில் உங்களிடம்தான் சொல்வேன்" என்று சொல்லிவிடுங்கள்.