விக்டோரியா கப்பல்: ஜூலை 9-ஆ, 10-ஆ?

விக்டோரியா கேப் வெர்டேயை அடைந்த நாள் ஒரு புத்தகத்தில் ஜூலை 9, மற்றொன்றில் ஜூலை 10 என்று இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு தேதியும் சரிதான். மகெல்லன் தலைமையில் 1519-இல் ஸ்பெயினிலிருந்து கிளம்பிய கப்பல்களில் ஒன்றான விக்டோரியா, 1522-இல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளை அடைந்தது கப்பல் கணக்கில் ஜூலை 9, புதன்; கரையில் இருந்தவர்களுக்கு ஜூலை 10, வியாழன். உங்கள் இரு புத்தகங்களில் ஒன்று கப்பல் நாட்குறிப்பையும் மற்றொன்று கரைக் கணக்கையும் எடுத்திருக்கும்.

காரணம், அவர்கள் மேற்கு நோக்கியே உலகைச் சுற்றி வந்தது. சூரியனோடு சேர்ந்து நகர்ந்ததால் அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீண்டது. முழுச் சுற்றில் ஒரு விடியல் குறைந்தது. தினமும் விடாமல் குறிப்பெழுதிய கப்பல் பயணி பிகாஃபெட்டாவே கரையில் வியாழன் என்று கேட்டுத் திகைத்துப்போனார், பாவம். மகெல்லன் அதற்கு ஓராண்டு முன்பே பிலிப்பைன்ஸின் மக்டான் தீவில் இறந்துவிட்டார்.

தேதியோடு கிழமை இருக்கிறதா என்று பாருங்கள். புதன் என்றால் கப்பல் கணக்கு. வித்தியாசம் பத்து நாள் என்றால் கதை வேறு: ஆசிரியர் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாற்றியிருப்பார். அந்த நாட்காட்டி 1582-இல்தான் வந்தது.

ஆனால் ஒருநாள் வித்தியாசம் எல்லாவற்றுக்கும் இதையே காரணமாக்காதீர்கள். பயணத்தின் தொடக்கத்தில், 1519 தேதிகளில் வந்தால் அநேகமாக அச்சுப்பிழைதான்.

அப்புறம், ஸ்பெயின்காரர்கள் அமெரிக்கா வழியாகவே போய்வந்ததால் அவர்கள் ஆண்ட பிலிப்பைன்ஸும் ஒருநாள் பின்தங்கியே இருந்தது. 1844 டிசம்பர் 31-ஐத் தாண்டிக் குதித்துத்தான் சரிசெய்தார்கள்.