பெட் ஷாப் பாய்ஸ்: தெரியாத பாடல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் குழு பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பாடுவது நீல் டென்னன்ட், கீபோர்டு கிறிஸ் லோ. இரண்டே பேர். 1981-ல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு எலக்ட்ரானிக் சாமான் கடையில் பேச ஆரம்பித்தவர்கள், இன்றுவரை பிரியவில்லை. நான் எழுதியது எல்லாரும் அறிந்த பாடல்களைப் பற்றி. வந்த கடிதங்களோ, அதிகம் பேர் கேட்காத பாடல்களையும் மற்றவர்களுக்காக அவர்கள் செய்த வேலைகளையும் பற்றிக் கேட்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த பேச்சு அதுதான். இந்த மாதம் முழுவதும் அதற்கே.

கேள்வி: 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்', 'இட்ஸ் எ சின்', 'கோ வெஸ்ட்' எல்லாம் கேட்டாயிற்று. பி-சைடு பாடல்களையும் தேடிக் கேட்கச் சொல்கிறார்கள். ஆல்பத்தில் சேர்க்கத் தகுதியில்லை என்று ஒதுக்கியவைதானே அவை?
— கோவை வாசகர்

பதில்: பல குழுக்களுக்கு அது உண்மை. இவர்களுக்கு இல்லை. சிங்கிள் என்பது ஒரு பாட்டை முன்னிறுத்தி வரும் சின்னத் தட்டு. அதன் பின்பக்கம்தான் பி-சைடு. முன்பக்கத்தில் வரும் பாட்டு ரேடியோவில் ஓட வேண்டும், விற்க வேண்டும். பின்பக்கத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அந்தச் சுதந்திரத்தை இவர்களைப் போல் பயன்படுத்திக்கொண்ட வேறு பாப் குழு என் அறிவுக்கு எட்டியவரை இல்லை.

'இன் தி நைட்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ல் 'ஆப்பர்ச்சூனிட்டீஸ்' சிங்கிளின் பின்பக்கத்தில் வந்தது. ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் 'ஸாஸூ' என்று ஒரு இளைஞர் கூட்டம் இருந்தது. நீள முடி, தொளதொள கோட்டு, ராத்திரியெல்லாம் ஜாஸ் நடனம். நாஜிகளுக்கும் அவர்களைப் பிடிக்காது, எதிர்த்துப் போராடியவர்களுக்கும் பிடிக்காது. ஊரே அடிமைப்பட்டுக் கிடக்கும்போது எந்தப் பக்கமும் சேராமல் ஆடிக்கொண்டிருப்பது எதிர்ப்பா, எதிரிக்கு ஒத்துழைப்பா என்று பாட்டு கேட்கிறது. அதன் இசை பிறகு பிபிசியின் 'தி க்ளோத்ஸ் ஷோ' என்ற ஃபேஷன் நிகழ்ச்சிக்கு முகப்பு இசை ஆனது. இங்கிலாந்தில் லட்சக்கணக்கான வீடுகளில் அந்த மெட்டு ஒலித்தது. அது எந்தப் பாட்டு, எதைப் பற்றியது என்று அறிந்திருந்தவர்கள் கொஞ்சம் பேராகத்தான் இருந்திருப்பார்கள்.

இன்னொன்று 'டான் ஹுவான்'. 1988-ன் 'டாமினோ டான்சிங்' சிங்கிளின் பின்பக்கம். தலைப்பைப் பார்த்தால் காதல் மன்னன் கதை போலிருக்கும். பாட்டில் வருவதோ 1930-களின் பால்கன் நாடுகள். அல்பேனியாவின் ஸோக் மன்னர் வருகிறார். 1934-ல் பிரான்சின் மார்செய் நகரில் சுட்டுக்கொல்லப்பட்ட யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாண்டர் வருகிறார். சின்னச் சின்ன நாடுகளை ஒவ்வொன்றாக மயக்கிக் கெடுக்கும் அந்த டான் ஹுவான், ஹிட்லர். நாலு நிமிஷ நடனப் பாட்டுக்குள் இவ்வளவும் இருக்கிறது. டென்னன்ட் பட்டப் படிப்பில் படித்தது வரலாறு. அந்தப் படிப்பு அவருடைய எழுத்தை விட்டு ஒருநாளும் போகவில்லை.

கேள்வி: கிறிஸ் லோ மேடையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அசையாமல் நிற்கிறார். அவர் பாடியதே இல்லையா?
— தூத்துக்குடி வாசகர்

பதில்: 'பனினாரோ' கேளுங்கள். 1986-ல் 'சபர்பியா' சிங்கிளின் பின்பக்கத்தில் வந்தது. பனினாரோ என்பது அப்போது மிலான் நகரில் சாண்ட்விச் கடை வாசலில் கூடி நின்ற இளைஞர்களுக்கு வைத்த பெயர். விலையுயர்ந்த சட்டை, பூட்ஸ், மோட்டார் சைக்கிள். அதுதான் அவர்கள் உலகம். கிறிஸ் இதில் பாடுவதில்லை, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்கிறார். ஆசை, காதல், பணம், வன்முறை, மதம், அநியாயம், மரணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். நடுவில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் பேசிய துண்டும் வருகிறது. தனக்கு எந்தெந்த இசையெல்லாம் பிடிக்காது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பிடித்ததை மட்டும் உயிராக நேசிப்பேன் என்று முடிக்கிறார். அவரைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு துண்டு போதும்.

இதையே 1995-ல் மறுபடி ஒலிப்பதிவு செய்தார்கள். அதில் கிறிஸ் புதிதாகச் சில வரிகள் சேர்த்தார். நீ என் காதலாக இருந்தாய், இப்போது இல்லை என்று இறந்துபோன ஒருவரைப் பார்த்துச் சொல்லும் வரிகள். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இடையில் ஓடிய வருஷங்கள் அந்த ஆளை என்ன செய்தன என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கிறிஸ் கட்டடக்கலை படித்தவர். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் அவர் வடிவமைத்த ஒரு மாடிப்படி இருக்கிறது. ஆர்சனல் கால்பந்து அணியின் தீவிர ரசிகரும்கூட. 1993-ல் ஆர்சனல் வீரர் இயன் ரைட் பாடி வெளியிட்ட 'டு தி ரைட் திங்' பாட்டில் கிறிஸ்ஸின் கை இருக்கிறது. பெரிய பாட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ரசிகர் தன் அணியின் நாயகனுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுத்த சந்தோஷம் அதில் நன்றாகவே கேட்கிறது.

கேள்வி: அவர்களுடைய பாடல்களில் உங்களை அழவைத்தது எது?
— திருச்சி வாசகி

பதில்: 'யுவர் ஃபன்னி அங்கிள்'. 1989-ல் 'இட்ஸ் ஆல்ரைட்' சிங்கிளின் பின்பக்கத்தில் வந்த சின்னஞ்சிறு பாட்டு. தாளமே இல்லை. எய்ட்ஸ் நோயில் இறந்த நெருங்கிய நண்பர் ஒருவரின் சவ அடக்கத்துக்குப் போய் வந்த டென்னன்ட் அதை எழுதினார். தேவாலயத்துக்குக் கார்கள் வருகின்றன. ஒரு பக்கம் இறந்தவரின் குடும்பம், இன்னொரு பக்கம் நகரத்திலிருந்து வந்த நண்பர்கள். இரு தரப்புக்கும் அவ்வளவாகப் பழக்கமில்லை. இறந்தவரின் மாமா, பட்டாளத்தில் இருந்த மனிதர், நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் போய் மரியாதையாக நாலு வார்த்தை பேசுகிறார். பாட்டு அவ்வளவுதான். கடைசியில், கண்ணீரெல்லாம் துடைக்கப்படும், இனி மரணமில்லை என்ற பைபிளின் வெளிப்படுத்தின விசேஷ வசனம் வருகிறது. சாவு வீட்டில் யார் எங்கே நின்றார்கள், யார் யாரிடம் பேசினார்கள் என்பதை நாமும் எத்தனை வருஷமானாலும் மறப்பதில்லை, இல்லையா? அந்தக் கவனம் முழுவதும் இந்தப் பாட்டில் இருக்கிறது.

அதே நண்பரை நினைத்து அடுத்த வருஷம் வந்ததுதான் 'பீயிங் போரிங்'. இன்று எத்தனையோ ரசிகர்கள் இவர்களுடைய தலைசிறந்த பாட்டு என்று அதைத்தான் சொல்வார்கள். வெளிவந்தபோது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 20-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அதைக் கேட்டவர்கள் கட்டாயம் 'யுவர் ஃபன்னி அங்கிள்' பாட்டையும் கேட்க வேண்டும்.

கேள்வி: மற்றவர்களுக்கு அவர்கள் செய்து கொடுத்த பாடல்களில் எவை முக்கியம்?
— ஈரோடு வாசகர்

பதில்: முதலில் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட். அறுபதுகளில் கொடிகட்டிப் பறந்த பாடகி. எண்பதுகளில் அவரைக் கேட்பாரில்லை. 'வாட் ஹேவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்?' பாட்டை அவர்தான் தங்களோடு சேர்ந்து பாட வேண்டும் என்று இந்த இருவரும் பிடிவாதமாக நின்றார்கள். அது 1987-ல் பிரிட்டனிலும் 1988-ல் அமெரிக்காவிலும் இரண்டாம் இடத்துக்குப் போனது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதைதான். அதற்குப் பிறகு டஸ்டிக்காகவே அவர்கள் எழுதிய 'நத்திங் ஹேஸ் பீன் ப்ரூவ்டு' பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் அமைச்சர் ப்ரொஃப்யூமோ 1963-ல் பதவி இழந்த விவகாரத்தைப் பற்றிய 'ஸ்கேண்டல்' படத்துக்காகச் செய்தது. அந்த வழக்கில் அடிபட்ட பெயர்கள் செய்தித்தாள் வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாக வருகின்றன. அந்தக் காலத்தில் லண்டனில் நட்சத்திரமாக இருந்த டஸ்டியே அதைப் பாடுகிறார். வேறு யார் பாடியிருந்தாலும் பாதிதான் தேறியிருக்கும்.

அடுத்தது அமெரிக்கப் பாடகி, நடிகை லைசா மினெல்லி. 1989-ல் அவருக்காக 'ரிசல்ட்ஸ்' என்று ஒரு முழு ஆல்பம் செய்தார்கள். அதில் 'ரென்ட்' இருக்கிறது. தன் செலவையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் ஒருவரோடு வாழும் வாழ்க்கையைச் சொல்லும் பாட்டு. டென்னன்ட் பாடும்போது அதில் ஒரு குளிர்ச்சி உண்டு. லைசா அதை ஆர்கெஸ்ட்ரா பின்னணியில் நிதானமாகப் பாடும்போது, அந்த வாழ்க்கையை நெடுங்காலம் வாழ்ந்துவிட்ட ஒரு பெண் நம் முன்னால் வந்து உட்காருகிறார். எனக்கு லைசா பாடியதுதான் உசத்தி. இதற்காகச் சண்டைக்கு வரும் நண்பர்கள் எனக்கு உண்டு.

மூன்றாவது எலக்ட்ரானிக். நியூ ஆர்டர் குழுவின் பெர்னார்ட் சம்னரும் தி ஸ்மித்ஸ் குழுவின் ஜானி மாரும் சேர்ந்து ஆரம்பித்த குழு. அவர்களுடைய முதல் சிங்கிளான 'கெட்டிங் அவே வித் இட்' பாட்டில் டென்னன்ட் எழுத்திலும் குரலிலும் பங்கெடுத்தார். 1991-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 'தி பேஷன்ஸ் ஆஃப் எ செயின்ட்' என்ற பாட்டில் டென்னன்ட், லோ இருவரும் உண்டு. 1992-ன் 'டிசப்பாயின்டட்' டென்னன்ட் பாடியது, அது பிரிட்டனில் ஆறாம் இடம் வரை போனது. இந்த உறவு இரண்டு பக்கமும் ஓடியது. பெட் ஷாப் பாய்ஸின் 1990-ன் 'பிஹேவியர்' ஆல்பத்தில் 'மை அக்டோபர் சிம்ஃபனி' பாட்டில் கேட்கும் கிட்டார் ஜானி மார் வாசித்தது. நம்பி வாழ்ந்த புரட்சி கண் முன்னே கலைந்து போவதைப் பார்க்கும் ஒரு சோவியத் இசையமைப்பாளரின் மனநிலை அந்தப் பாட்டு. சிங்கிளாக வராததால் அதிகம் பேர் காதில் விழவில்லை.

கேள்வி: பழைய ரஷ்ய மௌனப் படத்துக்கு இசையமைத்தார்களாமே?
— சிங்கப்பூர் வாசகர்

பதில்: ஆமாம், சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் பொடம்கின்'. 1925-ல் வந்த படம். லண்டனின் ஐ.சி.ஏ. கலை நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் முழுப் படத்துக்கும் புதிதாக இசை எழுதினார்கள். 2004 செப்டம்பர் 12 அன்று ட்ரஃபால்கர் சதுக்கத்தில் பெரிய திரை கட்டி, டிரெஸ்டன் சிம்ஃபனி இசைக்குழுவோடு வாசித்தார்கள். கட்டணம் இல்லை. மழையில் நனைந்தபடி ஆயிரக்கணக்கானோர் நின்று பார்த்தார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 2006-ல் டிரெஸ்டன் நகரில் நடந்தது. அங்கே நகரின் நடுவில் கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் கட்டிய ஒரு நீண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. இசைக்கலைஞர்களை அதன் பால்கனிகளில் நிற்க வைத்தார்கள். ஒரு பால்கனியில் வயலின், இன்னொன்றில் ட்ரம்பெட் என்று கட்டடம் முழுக்கப் பரவி நின்று வாசித்தார்கள். அந்தக் குடியிருப்பின் மீதே படம் ஓடியது. மாலுமிகளின் எழுச்சியைச் சொல்லும் சோவியத் படம், சோவியத் நிழலில் எழுந்த கட்டடத்தின் மேலே! அதே வருஷம் மே 1 அன்று இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில், ஸ்வான் ஹன்டர் கப்பல் கட்டும் தளத்திலும் வாசித்தார்கள். டென்னன்ட் பிறந்து வளர்ந்த பகுதி அது.

இசையை மட்டும் தனியாகக் கேட்டால் நடுவில் கொஞ்சம் தொய்வு தெரியும். படத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒடெஸா படிக்கட்டுக் காட்சி வரும்போது சின்தசைசரும் வயலின்களும் ஒன்றையொன்று துரத்துகின்றன. அந்த இடத்துக்காகவே பார்க்கலாம்.

கேள்வி: பிடிக்காதது ஒன்றுகூட இல்லையா?
— மதுரை வாசகர்

பதில்: உண்டு. 1994-ல் காமிக் ரிலீஃப் தர்ம காரியத்துக்காகச் செய்த 'ஆப்சல்யூட்லி ஃபேபுலஸ்'. நல்ல காரியம்தான். ஒரு தடவை கேட்டால் போதும்.

கேள்வி: 2000-க்குப் பிறகும் இந்த மாதிரிப் பாடல்கள் உண்டா? எல்லாவற்றையும் எப்படித் தேடிக் கேட்பது?
— கொழும்பு வாசகர்

பதில்: நிறைய உண்டு. 2006-ன் 'ஐயம் வித் ஸ்டூப்பிட்' சிங்கிளோடு வந்த 'தி ரிசரெக்ஷனிஸ்ட்' கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் கல்லறையைத் தோண்டிப் பிணம் எடுத்து மருத்துவப் பள்ளிகளுக்கு விற்றவர்களின் கதை. ஆடவும் வைக்கும், உடம்பும் சிலிர்க்கும்.

தேடுவதற்கு இரண்டு தொகுப்புகள் போதும். 1995-ல் வந்த 'ஆல்டர்நேட்டிவ்' 30 பாடல்கள். அதன் பிறகு 2009 வரை வந்தவற்றிலிருந்து எடுத்த 38 பாடல்கள் 2012-ன் 'ஃபார்மேட்' தொகுப்பில் இருக்கின்றன. எனக்கு 'ஆல்டர்நேட்டிவ்' தொகுப்பை உங்களைப் போலவே வெளியூரில் இருந்த அத்தை மகன்தான் வாங்கி அனுப்பினார். அப்போது இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. முதல் ஆறு ஆல்பங்களை 2001-ல் மறுபடி வெளியிட்டபோது, ஒவ்வொன்றோடும் 'ஃபர்தர் லிசனிங்' என்று இரண்டாவது தட்டு சேர்த்தார்கள். ஒவ்வொரு பாட்டும் எப்படி உருவானது என்று இருவரும் பேசும் புத்தகமும் அதோடு உண்டு. ஏதாவது ஒரு பழைய கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

அப்புறம் ஒரு விஷயம். 1993-ன் 'வெரி' ஆல்பத்தின் ஒரு சிறப்புப் பதிப்போடு 'ரிலென்ட்லெஸ்' என்று ஆறு நடனப் பாடல்கள் கொண்ட தனித் தட்டு வந்தது. அதன் கடைசிப் பாட்டு 'ஒன் திங் லீட்ஸ் டு அனதர்' கதையைத் தலைகீழாகச் சொல்கிறது. சாவில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போகிறது. வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். அப்புறம் வரிகளைக் கீழேயிருந்து மேலாக ஒருமுறை படியுங்கள்.