டூன்: நாம் தாண்டிப்போன ஒரு வரி (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

நான் ஒரு டூன் பைத்தியம். வீட்டிலும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 2021இல் வந்த டூன் படத்தின் முதல் பாகத்தை ஓடிடியில் பார்த்துவிட்டு, தியேட்டரில் பார்க்காமல் விட்டோமே என்று நொந்துபோனேன். அதற்கும் சேர்த்து இரண்டாம் பாகத்தை ஐமேக்ஸில் நான்கு முறை பார்த்தேன். நாயகன் பால் முதன்முதலாகப் பாலைவனத்தின் ராட்சத மணற்புழு மேல் ஏறும் காட்சியில் நான்கு முறையும் கை தட்டினேன். அப்புறம்தான் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் மூல நாவலை வாங்கினேன். பதினொரு நாளில் முடித்துவிட்டு, அதே வேகத்தில் அடுத்த நாவலான டூன் மெசையாவை எடுத்தேன். பாதியில் மூடி வைத்துவிட்டேன்.

ஏன் சார் இப்படிச் செய்தார்? நாம் கொண்டாடிய பாலையே கொலைகாரன் ஆக்கிவிட்டாரே! மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுக் கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. எங்கள் நண்பர்களுக்குள் இன்னொரு சண்டையும் ஓடுகிறது. பாலின் காதலி சானியின் பாத்திரத்தைப் படத்தில் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்கள் நாவல் படித்தவர்கள். நீங்கள் எந்தக் கட்சி?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

நானும் அந்த அறையை வாங்கியவன்தான். மெசையாவை முதல் தடவை எடுத்தபோது நானும் முடிக்கவில்லை. நமக்கெல்லாம் முன்பே அந்த நாவலைத் திருப்பிக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார்: ஜான் காம்ப்பெல். 1963 முதல் 1965 வரை டூனைத் தன்னுடைய அனலாக் பத்திரிகையில் தொடராக வெளியிட்ட ஆசிரியர் அவர்தான். ஜெயிக்க வேண்டிய நாயகன் இப்படிச் சரிவதா என்று அவருக்கும் பிடிக்கவில்லை. 1969இல் மெசையா வேறொரு பத்திரிகையில் வந்தது. ஆக, உங்கள் கோபத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயசாகிறது.

ஆனால் ஹெர்பர்ட் மனசு மாறி உங்களை ஏமாற்றினார் என்று மட்டும் நினைக்காதீர்கள். முதல் நாவல் முடிவதற்கு முன்பே அடுத்த இரண்டு நாவல்களின் சில பகுதிகளை எழுதிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இன்னொன்று, அந்த அறை முதல் நாவலிலேயே இருக்கிறது. நாம் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

புத்தகம் கையில் இருந்தால் கைன்ஸ் சாகும் அத்தியாயத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கதை நடக்கும் பாலைவனக் கிரகமான அராக்கிஸின் சூழலியலாளர் கைன்ஸை, தண்ணீர் இல்லாமல், உடல் ஈரத்தைச் சேமிக்கும் உடையும் இல்லாமல், பால் குடும்பத்தின் எதிரிகளான ஹார்கோனன்கள் பாலைவனத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். வெயிலில் அவருக்குப் புத்தி தடுமாறுகிறது. செத்துப்போன அப்பாவின் குரல் கேட்கிறது. அப்பாவும் சூழலியலாளர்தான். மகன் செத்துக்கொண்டிருக்கும்போதும் பாடம் நடத்துவதை நிறுத்துவதில்லை. அந்தப் பாடத்துக்கு நடுவில், உன் மக்கள் ஒரு ஹீரோவின் கையில் சிக்குவதைவிடப் பயங்கரமான பேரழிவு அவர்களுக்கு வர முடியாது என்கிறார். கொஞ்ச நேரத்தில் கைன்ஸின் காலடியில் நிலம் வெடித்து அவரை விழுங்கிவிடுகிறது. அந்த இடத்தில் நமக்கு இருக்கிற ஒரே கவலை, பாலும் அவன் அம்மா ஜெஸிகாவும் தப்பித்தார்களா இல்லையா என்பதுதான். விறுவிறுவென்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

அந்த எச்சரிக்கையை ஹெர்பர்ட் ஏன் ஒரு சூழலியலாளரின் காதில் சொன்னார்? டூன் பிறந்த கதையே அங்கேதான் இருக்கிறது. 1957இல் பத்திரிகையாளராக இருந்த ஹெர்பர்ட், ஓரிகன் மாநிலத்தின் ஃபுளோரன்ஸ் என்ற கடலோர ஊருக்குப் போனார். அங்கே மணல்மேடுகள் காற்றில் நகர்ந்து வந்து சாலைகளை மூடிக்கொண்டிருந்தன. அமெரிக்க விவசாயத் துறை புல் நட்டு அவற்றைக் கட்டிப்போட்டது. அதைப் பற்றிய கட்டுரைக்காகக் குறிப்பெடுக்கப் போனவர் மணலில் மாட்டிக்கொண்டார். கட்டுரை முடியவே இல்லை. குறிப்புகள் மட்டும் குவிந்துகொண்டே போய், சில வருஷங்களில் ஒரு கிரகமாகிவிட்டன.

அந்தப் புல்லுக்கு அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த கடற்கரைப் புல். மணலை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தியது. அதோடு நிற்காமல் கடற்கரை நெடுகப் பரவிவிட்டது. ஓரிகனின் மணல்மேடுகள் நகர்ந்தால்தான் மணல்மேடுகள். இப்போது பல இடங்களில் அவை புதர்க்காடாக இறுகிக் கிடக்கின்றன. திறந்த மணலில் முட்டையிடும் ஒரு சின்ன உப்புக்கொத்திப் பறவைக்கு இடமில்லாமல் போய், 1993இல் அதை ஆபத்தில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். இன்று அதே ஓரிகனில் அதே புல்லைச் செலவு செய்து பிடுங்குகிறார்கள். காப்பாற்ற வந்ததே தொல்லையான இந்தக் கதையை நாவலாக எழுதியிருந்தால், ரொம்ப வசதியாக அமைத்துவிட்டார் என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

அராக்கிஸிலும் இதே சிக்கல்தான். மணற்புழுவுக்குத் தண்ணீர் விஷம். கிரகம் பச்சையானால் புழு சாகும். புழு செத்தால், அதனால் உருவாகும் ஸ்பைஸ் என்ற அரிய போதைப்பொருளும் இல்லை. ஸ்பைஸ் இல்லாவிட்டால் விண்வெளிப் பயணமே இல்லை. இப்போது இயக்குநர் டேவிட் லிஞ்ச் 1984இல் எடுத்த டூன் படம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். பால் ஜெயித்ததும் மழை கொட்டுகிறது! நாவலில் அப்படி எதுவும் கிடையாது. ரசிகனின் ஆசைதான் அங்கே மழையாகப் பெய்கிறது. பாவம், லிஞ்சைச் சொல்லிக் குற்றமில்லை. இறுதி வடிவம் அவர் கையில் இல்லை. பிற்பாடு டிவிக்காக நீட்டிய பதிப்பிலிருந்து தன் பெயரையே எடுக்கச் சொல்லிவிட்டார். அந்தப் படத்துக்கு அமெரிக்கத் தியேட்டர்களில் அருஞ்சொற்பொருள் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். படம் பார்க்கக் கோனார் நோட்ஸ்!

சரி, சானிக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த படங்களின் இயக்குநர் டெனி வில்நெவின் முதல் பாகத்தில் கைன்ஸ் ஒரு பெண். சாவும் வேறு மாதிரி: எதிரிகளையும் சேர்த்துப் புழு விழுங்கிவிடுகிறது. பிரமாதமான காட்சி, ஆனால் அப்பாவின் குரலுக்கு அங்கே இடமில்லை. அந்த எச்சரிக்கை எங்கே போனது? இரண்டாம் பாகத்தில் சானியிடம் போனது என்பது என் கணக்கு. நாவலின் சானி கடைசிவரை பாலை நம்புகிறவள். அவன் அரசியல் காரணத்துக்காக இளவரசியை மணக்கும்போது, வரலாறு நம்மைத்தான் மனைவிகள் என்று சொல்லும் என்று, தானும் மனைவி ஆகாமலே வாழ்ந்த ஜெஸிகா அவளைத் தேற்றுகிறாள். நாவல் அங்கே முடிகிறது. படத்தின் சானி எல்லோரும் மண்டியிடும்போது மண்டியிடாமல் வெளியேறிப் புழுவுக்காகக் காத்து நிற்கிறாள்.

நான் அந்தச் சானியின் கட்சி. நாவலில் ஒருவன் மனசுக்குள் பயப்படுவதை நாலு வரியில் எழுதிவிடலாம். சினிமாவில் ஒருவன் மணற்புழு மேல் எழுந்து நிற்கிறான், பின்னால் ஹான்ஸ் ஜிம்மரின் இசை அலறுகிறது என்றால் அவன் மனசில் பயம் இருந்தாலும் நமக்குக் கேட்காது. அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கை தட்டாத ஒருத்தி வேண்டியிருக்கிறது.

எனக்கும் குறைகள் உண்டு. அராக்கிஸின் பாலைவன மக்களான ஃபிரெமன்களில் வடக்கே இருப்பவர்கள் எல்லாம் சந்தேகிகள், தெற்கே இருப்பவர்கள் எல்லாம் பக்தர்கள் என்று படம் கோடு போட்டுப் பிரித்துவிட்டது. நம்பிக்கை அப்படித் திசை பார்த்தா வரும்? நாவலில் அராக்கீன் நகரத்தில் நடக்கும் விருந்துக் காட்சி படத்தில் இல்லாமல் போனதும் வருத்தம்தான். தண்ணீரை வைத்தே ஒரு ஊரின் ஏற்றத்தாழ்வு முழுவதையும் காட்டிவிடுகிற அத்தியாயம் அது. தான் சண்டையில் கொன்ற ஃபிரெமன் ஜேமிஸுக்காகப் பால் அழும்போது, செத்தவனுக்குத் தண்ணீர் தருகிறானே என்று ஃபிரெமன்கள் நடுங்கிப்போகும் இடம் இன்னும் பெரிய இழப்பு. எனக்கு நாவலிலேயே பிடித்த பக்கம்.

பைத்தியம் என்று உங்களைச் சொல்லிக்கொள்வதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1970களில் இயக்குநர் ஜோடரோவ்ஸ்கி டூனைப் படமாக எடுக்க முயன்றார், நடக்கவில்லை. மோபியஸின் ஓவியங்களோடு அவர் தயாரித்த காட்சிப் புத்தகத்தின் ஒரு பிரதி 2021 நவம்பரில் பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. எதிர்பார்த்த விலை அதிகபட்சம் 35,000 யூரோ. கிரிப்டோ ரசிகர்கள் கூட்டம் ஒன்று கிட்டத்தட்ட 26.6 லட்சம் யூரோவுக்கு எடுத்தது. புத்தகத்தை உலகத்துக்கே வெளியிடுவோம், இதைத் தழுவி அனிமேஷன் தொடர் எடுப்போம் என்று அறிவித்தார்கள். பிரதியை வாங்கினால் காப்புரிமை கைக்கு வராது என்று இணையமே கூடிச் சொல்லவேண்டியிருந்தது. நீங்கள் நான்கு டிக்கெட்டுதானே வாங்கினீர்கள்?

மெசையாவை மறுபடி எடுங்கள். சின்ன நாவல்தான். வில்நெவ் மூன்றாம் பாகமாக எடுப்பதும் அதைத்தான். நீங்கள் மூடிய இடம் எது என்று ஊகிக்கிறேன்: தன் பெயரால் செத்தவர்கள் குறைந்தபட்சம் 6,100 கோடிப் பேர், உயிரே இல்லாமல் போன கிரகங்கள் 90 என்று பாலே கணக்குச் சொல்லும் இடம். அந்தக் கணக்கை அவன் எந்தக் குரலில் சொல்கிறான் என்று கவனித்துக்கொண்டே படியுங்கள். பெருமையா, வெட்கமா, வெறும் களைப்பா? நான் மூன்று தடவை படித்து மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன். முடித்ததும் உங்களுக்கு எப்படிக் கேட்டது என்று எழுதுங்கள்.

புழு மேல் ஏறும் காட்சியில் நானும் கை தட்டினேன். ஒரு தடவைதான். ஐமேக்ஸ் டிக்கெட் விலை அப்படி.