மடிக்கிற போனும் நிலாவெளி மணலும்

திருகோணமலை டவுனில போன் திருத்துற கடை வச்சிருக்கிறன். மடிக்கிற போனைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒண்டொண்டாப் பதில் எழுதுறன்.

அண்ணா, கண்ணாடி எப்பிடி மடியும்? உடையாதா?

தங்கச்சி, போதிய அளவு மெல்லிசாக்கினால் கண்ணாடியும் வளையும். 2019இல் வந்த சாம்சுங்கின்ர முதல் கலக்ஸி ஃபோல்டில மேல இருந்தது பிளாஸ்டிக். 2020இல் வந்த ஸெட் ஃபிளிப்பிலதான் கண்ணாடி வச்சவை. தலைமயிரைவிட மெல்லிசு. அதுக்கு மேலயும் ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கு. கடையில ஒட்டின ஸ்டிக்கர் எண்டு நினைச்சு அதை உரிச்சுப் போடாதீங்கோ. 2019 ஏப்ரலில, செய்தியாளர்களுக்குப் பாத்து எழுதச் சொல்லிக் குடுத்த முதல் ஃபோல்ட் போன்களில சிலதுக்கு அதுதான் நடந்தது. வேற சிலதில, போன் மடியிற பிணைச்சல் இடுக்கால தூசி போய்த் திரையை உள்ளுக்க இருந்து முட்டினது. அதால சாம்சுங் விற்பனையை செப்டெம்பர் வரைக்கும் தள்ளிப் போட்டது.

நான் உப்புவெளி, வீட்டு வாசலே கடற்கரை. வாங்கலாமோ?

எனக்கு ஆகலும் கவலையான கேள்வி இது. தண்ணிக்குப் பயமில்லை எண்டு விளம்பரம் சொல்லும். ஐபி எண்டது தூசியையும் தண்ணியையும் எவ்வளவு தடுக்கும் எண்டு சொல்லுற குறி, முதல் இடம் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. சாம்சுங்கின்ர ஸெட் ஃபோல்ட் 3 முதல் 5 வரைக்கும் ஐபிஎக்ஸ் 8. அந்த 'எக்ஸ்' இருக்கிற இடம்தான் தூசிக்குரிய இடம். அதுக்கு மதிப்பெண் இல்லை எண்டு அர்த்தம். 2024இல் வந்த ஸெட் ஃபோல்ட் 6க்கு ஐபி 48. 4 எண்டால் 1 மில்லிமீற்றரை விடப் பெரிய துணிக்கையைத்தான் தடுக்கும். நிலாவெளி மணலை உள்ளங்கையில எடுத்துப் பாருங்கோ, பெரும்பாலும் அதைவிடச் சின்னன். தண்ணிச் சோதனையும் நல்ல தண்ணியில செய்யிறது, உப்புத் தண்ணிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. 2025இல் கூகுளின்ர பிக்சல் 10 ப்ரோ ஃபோல்ட் ஐபி 68 எண்டு வந்திருக்கு. தூசியை முழுசா அடைக்கலாம் எண்டு தெரிஞ்சுபோச்சு. மற்றவையும் அந்த இடத்துக்கு வரட்டும், அதுவரைக்கும் பொறுங்கோ. ஏற்கெனவே வச்சிருக்கிறவை கடற்கரைக்குப் போகேக்க வீட்டில விட்டிட்டுப் போங்கோ.

எத்தினை தரம் மடிக்கலாம்?

கொம்பனிகள் 2 லட்சம் எண்டு சொல்லி வந்தவை. நாளைக்கு நூறு தரம் எண்டால் அஞ்சு வருசத்துக்கு மேல. ஆனால் அது சுத்தமான அறையில மெசின் மடிக்கிற கணக்கு.

சுருட்டுற போன் வருமா அண்ணா?

எல்ஜி 2021 ஜனவரியில காட்டினது. அதே வருசம் ஏப்ரலில போன் வியாபாரத்தையே விடப்போறம் எண்டு சொல்லிட்டினம், அது கடைக்கு வரவேயில்லை. சுருட்டுறதுக்கு மோட்டர் வேணும், திரை உள்ள போய் வாற இடுக்கும் வேணும். பிணைச்சலையே இன்னும் எல்லாரும் அடைச்சு முடிக்கேல்லை, இது அதைவிடப் பெரிய வாசல். மூண்டாய் மடியிற போனை ஹுவாவே 2024இல் விற்கத் தொடங்கிட்டுது. எதிர்காலம் அந்தப் பக்கம்தான் எண்டு நான் நம்புறன்.

தம்பி, முந்தி நோக்கியாவில விதம் விதமான வடிவம் வந்ததே, இப்ப ஏன் இல்லை?

ஐயா, நோக்கியா 7600 ஞாபகமிருக்கா? 2003இல் வந்தது, கண்ணீர்த்துளி வடிவம், திரையின்ர ரெண்டு பக்கமும் நம்பர்க் கட்டைகள். கட்டையை எங்க வைக்கிறது எண்டதில இருந்துதான் அந்த வடிவங்கள் பிறந்தது. திரை கட்டைகளை விழுங்கினதோட எல்லாம் ஒரே பலகையாப் போச்சு. இனி வடிவம் மாறுறதெண்டால் திரையே மடிஞ்சாத்தான்.

செக்கண்ட் ஹாண்டில ஒண்டு மலிவாக் கிடைக்குது. எடுக்கவா?

எடுக்க முந்தி அமைதியான இடத்தில காதோட வச்சு மெதுவாத் திறந்து மூடுங்கோ. நறநற எண்டால் மணல் உள்ளுக்க இருக்கு, திருப்பிக் குடுத்திடுங்கோ. சத்தமில்லையெண்டால் மடிப்புக் கோட்டை வெளிச்சத்தில சரிச்சுப் பாருங்கோ. புள்ளியோ கறுப்புக் கீறோ தெரிஞ்சால் அதுக்கும் காசு குடுக்காதீங்கோ.