வாடகை போனும் பென்சில் குறியும்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, வாடகைக்கு வந்து வீட்டிலேயே தங்கிவிட்ட பழைய தொலைபேசிகளைப் பற்றியவை. 26 ஆண்டுகள் தொலைபேசிப் பணிமனையின் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். இந்தக் கடிதங்களைப் பிரித்தபோது கை தானாகவே திருப்புளியைத் தேடியது.

கேள்வி: அம்மா, அமெரிக்காவில் வாழ்ந்த என் பெரியப்பாவின் வீட்டைக் காலி செய்தபோது கறுப்பு நிறச் சுழல் டயல் போன் ஒன்று கிடைத்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 500 மாடல். 'பெல் சிஸ்டத்தின் சொத்து, விற்பனைக்கு அல்ல' என்று பொறித்திருக்கிறது. அடித்தட்டில் 1957, டயலில் 1954, ரிசீவருக்குள் 1963 என்று மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. ஒரே ஆண்டுப் பாகங்கள் இருந்தால்தான் அசல் என்கிறார், பழம்பொருள் சேகரிக்கும் நண்பர். பாகங்களைத் தேடி மாற்றிவிடலாமா? முதலில், இதை நான் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள். உங்கள் கையில் இருப்பதுதான் அசல் வாடகை போன்.

பெல் சிஸ்டம் என்பது அன்றைய அமெரிக்காவின் பெரிய தொலைபேசி நிறுவனக் குழுமம்; வீடுகளுக்குப் போனை விற்காமல் வாடகைக்கே கொடுத்தது. வாடகைக் கருவி ஒரே வீட்டில் பிறந்து ஒரே வீட்டில் சாவதில்லை. ஒரு குடும்பம் இணைப்பைத் துண்டித்தால் அது பணிமனைக்குத் திரும்பும். அங்கே முழுவதும் பிரிப்பார்கள். டயல்கள் ஒரு தட்டில், மணிகள் ஒரு தட்டில், ரிசீவர்கள் ஒரு தட்டில் போகும். கழுவி, சோதித்து, தேறியவற்றைக் கைக்குக் கிடைத்த வரிசையில் மீண்டும் பூட்டி அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். 1957 அடித்தட்டில் 1954 டயல் உட்கார்ந்தது அப்படித்தான். நண்பர் சொல்கிறபடி மாற்றினால், அந்தப் போன் எந்த நாளிலும் இருந்திராத ஒரு நிலைக்கு அதைக் கொண்டுபோவீர்கள்.

மூடியைக் கழற்றிப் பாருங்கள். அடியில் இரண்டு ஸ்க்ரூக்கள். தளர்த்தினால் போதும், அவை கீழே விழாது. கருவி கெட்டால் ஆள் அனுப்பும் செலவு நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், எளிதில் கெடாதபடியும் கெட்டால் சட்டென்று திறக்கும்படியும் செய்தார்கள். மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழுதுபார்த்தவரின் குறி, தேதி முத்திரை ஏதாவது இருக்கலாம். நான் முடித்த ஒவ்வொரு போனிலும் பென்சிலால் ஒரு சிறு வட்டமும் தேதியும் போடுவேன். அதே போன் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து என் மேசைக்கே திரும்பி வரும். என் வட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது வட்டம் போடும்போது இருந்த நிறைவை இப்போதும் உணர்கிறேன். அந்த மாதிரிக் குறி இருந்தால் ஈரத்துணி படாமல் காப்பாற்றுங்கள்.

உரிமையைப் பற்றி: 1984 ஜனவரி 1 அன்று பெல் சிஸ்டம் பிரிக்கப்பட்டது. அந்த மாற்றத்தை ஒட்டி, வீட்டில் இருந்த கருவியை விலைக்கு வாங்கிக்கொள்ளவும் வழி இருந்தது, வாடகையைத் தொடரவும் வழி இருந்தது. தொடர்ந்தவர்கள் பலர் வெகுகாலம் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் கடைசி பில்களைத் தேடுங்கள். வாடகை என்று ஒரு வரி தென்பட்டால், பில் அனுப்பியவர்களிடம் எழுதிக் கேட்டுவிட்டுப் பிறகு திருப்புளியை எடுப்பதே முறை. அந்தப் பொறிப்பு வெறும் மிரட்டல் அல்ல. வெளியார் செய்த எதையும் நிறுவனத்தின் போனில் மாட்டக் கூடாது என்றார்கள்; வாய்ப்பகுதியின் மேல் மாட்டும் ஒரு கிண்ணத்துக்குக்கூட அந்தக் காலத்தில் வழக்கு நடந்தது. 'ஹஷ்-எ-போன்' என்று பெயர். பேசுவது பக்கத்தில் இருப்பவர் காதில் விழாமல் தடுக்கும். 1956இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை விற்றவர் பக்கம் நின்றது.

கேள்வி: என் பழைய போனில் எதிர்முனையில் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. என் குரல் மட்டும் அவர்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதாம், கரகரப்பும் சேர்ந்துகொள்கிறது. மைக்கை எடுத்துவிட்டுப் புதிய மின்னணு மைக் பொருத்தச் சொல்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள். பழைய மைக்குக்குள் கார்பன் துகள்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே மின்சாரம் ஓடுகிறது. குரல் மென்தகட்டை அழுத்தும்போது துகள்கள் நெருங்கி மின்தடை குறைகிறது, விலகும்போது கூடுகிறது. உங்கள் குரல் லைனில் போவது இப்படித்தான். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்தால் துகள்கள் ஈரம் குடித்து இறுகிவிடும்.

முதலில் லைன் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். வாய்ப்பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றினால், பல மாடல்களில் மைக் தனியாகக் கையில் வந்துவிடும்; கம்பி இருக்காது, இரண்டு ஸ்பிரிங் தகடுகள்தான். அதைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டுங்கள். நல்ல மைக்கில் மெல்லிய மணல் சரியும் ஓசை கேட்கும். கேட்காவிட்டால் விளிம்பை உள்ளங்கையில் தட்டுங்கள், சுற்றிச் சுற்றி, இருபது முப்பது தடவை. ஓசை திரும்பும் அந்தக் கணத்துக்காக எத்தனை முறை தட்டினாலும் தகும். அந்த ஸ்பிரிங் தகடுகளையும் துடைத்துவிடுங்கள். கரகரப்புக்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கும். மைக்கைப் பிரிக்க மட்டும் முயல வேண்டாம், மென்தகடு நசுங்கினால் மீட்க முடியாது.

இவ்வளவுக்கும் பேசவில்லை என்றால் புதியதைப் பொருத்துங்கள், தவறில்லை. பழையதை ஒரு காகித உறையில் போட்டுத் தேதி எழுதி, போனோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: வெள்ளை போன் மஞ்சளாகிவிட்டது. பேக்கலைட் போனும் ஒன்று மங்கிக் கிடக்கிறது. எதைக் கொண்டு தேய்ப்பது?

பதில்: பேக்கலைட்டை உப்புத்தாள் கொண்டு தேய்க்கவே கூடாது. பளபளக்கும் மேல்தோல் போனால் உள்ளிருக்கும் மரத்தூள் கலவை தெரியும், பிறகு மினுக்கம் வராது. இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் போதும், ஊறவைக்காதீர்கள். மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பவர்கள் உண்டு. திட்டுத் திட்டாகிவிடும் அபாயமும் உண்டு. நான் மஞ்சளாகவே விட்டுவிடுவேன்.

கேள்வி: பழைய சுழல் டயல் போனை ஃபைபர் இணைப்பின் பெட்டியில் மாட்டினேன். அழைப்பு வந்தால் பேச முடிகிறது. டயல் சுற்றினால் எதுவும் நடக்கவில்லை, மணியும் முனகுகிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். சுழல் டயல், எண்ணுக்கேற்ப லைனை வெட்டி வெட்டிச் சேர்க்கிறது: 1க்கு ஒரு வெட்டு, 0க்குப் பத்து. இந்த வெட்டுக்குத்தான் பல்ஸ் என்று பெயர். இன்றைய பெட்டிகள் பல இதை எண்ணுவதில்லை, பட்டன் போனின் ஒலியை மட்டுமே அறியும். பல்ஸ் டயலை ஏற்கும் அடாப்டரோ, பல்ஸை ஒலியாக மாற்றும் சிறு கருவியோ வெளியில் மாட்டுங்கள். போனுக்குள் கை வைக்க வேண்டியதில்லை. வாங்குமுன் டயலைச் சோதியுங்கள். 0வைச் சுற்றிவிட்டால் வினாடிக்குப் பத்து வெட்டு, ஆக ஒரு வினாடிக்குச் சற்று மேல் ஆகித் திரும்ப வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் வேகம் காக்கும் பகுதியில் பழைய எண்ணெய் இறுகியிருக்கிறது. போன் நியூசிலாந்தில் ஓடியதாக இருந்தால் கவனம்: அங்கே டயலில் எண்கள் தலைகீழாக இருந்தன, 9க்கு ஒரே வெட்டுதான்.

மணியைப் பொறுத்தவரை, அமெரிக்கப் போன்கள் சுமார் 90 வோல்ட், வினாடிக்கு 20 சுழற்சி கொண்ட மாறுமின்சாரத்தை எதிர்பார்த்தவை. சிறு பெட்டிகளால் அவ்வளவு தர முடிவதில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று போன்கள் இருந்தால் மற்றவற்றைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிறகும் முனகினால், மணிக்கிண்ணத்தின் நடு ஸ்க்ரூவைத் தளர்த்தி, கிண்ணத்தை ஒரு நூலளவு திருப்பிப் பாருங்கள். துளை மையத்தில் இல்லாத கிண்ணங்களில் சுத்திக்கும் கிண்ணத்துக்கும் இடையே உள்ள தூரம் இதனால் மாறும். லைன் மாட்டியிருக்கும்போது உள்ளே விரலை வைக்காதீர்கள். அந்த நேரம் பார்த்து யாராவது அழைத்தால் 90 வோல்ட்டும் உங்கள் விரலில் பாயும்.