பதில்: வங்கி தேசியமயத்தை எதிர்த்து என்ன பேசுவது?

1969 வங்கி தேசியமயத்தை (14 பெரிய தனியார் வங்கிகளை அரசு தன் உடைமையாக்கியதை) எதிர்த்துக் கல்லூரி விவாதத்தில் பேச வேண்டும், ‘இந்திரா காந்தியின் அரசியல் ஆட்டம்’ என்பதைத் தாண்டி எதுவும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். அதை மட்டும் நம்பி மேடை ஏறாதீர்கள். எதிரணி கிளைக் கணக்கை எடுத்துப் போட்டால் முடிந்தது: 1969-இல் நாடு முழுக்க எட்டாயிரத்துச் சொச்சம் கிளைகள், 1990-இல் கிட்டத்தட்ட 60,000, அதில் பாதிக்கு மேல் கிராமங்களில். எனக்கும் அது பெரிய நன்மையாகத்தான் படுகிறது, மறைக்க விரும்பவில்லை.

ஆனால் உங்களுக்கு வழி இருக்கிறது. கிளைகள் பெருகியதில் பெரும்பங்கு ரிசர்வ் வங்கியின் உரிம விதிக்கு உண்டு. ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமென்றால் வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் திறக்க வேண்டும் என்று 1977-இல் வந்ததே, அதுதான். தனியார் வங்கிக்கும் இப்படி விதி போடலாமே, உடைமையைப் பறிப்பானேன் என்று கேளுங்கள்.

அப்புறம் பணம் எங்கே போனது என்று பாருங்கள். 1991 வாக்கில் வங்கிகள் விதிப்படி டெபாசிட்டில் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய ரொக்க இருப்பு 15%, அரசுப் பத்திரங்கள் போன்றவற்றுக்கு 38.5% என ஒதுக்கியது போக, தொழிலுக்கும் விவசாயிக்கும் கடன் கொடுக்க டெபாசிட்டில் பாதிகூட மிஞ்சவில்லை. 1990-இல் அரசு அறிவித்த விவசாயக் கடன் தள்ளுபடியையும் சேருங்கள், ஒழுங்காகக் கட்டியவர் ஏமாந்ததாக நினைத்தால் அடுத்த கடனை யார் கட்டுவார்?

சட்ட வாதம் வேண்டுமென்றால் தேசியமயத்தை எதிர்த்து வங்கிப் பங்குதாரர் ஆர்.சி. கூப்பர் போட்ட வழக்கில் 1970 பிப்ரவரியில் வந்த தீர்ப்பைப் படியுங்கள். இழப்பீடு முறையாக இல்லை, 14 வங்கிகளை மட்டும் குறிவைத்தது பாரபட்சம் என்று உச்ச நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. சில நாளிலேயே அதே வங்கிகளை மீண்டும் எடுத்துக்கொள்ள அரசு புது அவசரச் சட்டம் கொண்டுவந்துவிட்டது, அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.