லேப்டாப்பில் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் திரை கருப்பாகவே இருக்கிறது, தயாரிப்பாளரின் சின்னம்கூட வரவில்லை. விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகுமா?

ஆகாது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் லேப்டாப் விண்டோஸ் இருக்கும் இடத்துக்கே இன்னும் வந்து சேரவில்லை.

நீடாமங்கலம் பக்கத்தில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் நவம்பரில், சிட்டாவும் அடங்கலும் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பேர் வாசலில் நிற்கும்போதுதான் என் லேப்டாப் படுக்கும். அதனால் இந்தக் கருப்புத் திரை எனக்குப் பழைய பகையாளி.

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது மதகுகளையும் வாய்க்கால்களையும் பார்த்துக்கொள்ளும் பணியாளராக இருந்தவர். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புப் பக்கம்தான் அவருக்கு வேலை. கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது வந்து சத்தம் போட்டால் அவர் அந்த வயலுக்குப் போக மாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே போவார். எந்த மதகு வரை தண்ணீர் நிற்கிறது, எதற்குக் கீழே காய்ந்து கிடக்கிறது என்று பார்ப்பார். கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். ஆகாயத்தாமரை அடைத்திருக்கும், இல்லையென்றால் இரவோடு இரவாக யாரோ பலகையை இறக்கியிருப்பார்கள்.

லேப்டாப்பிலும் அப்படித்தான். மின்சாரம் முதலில் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டுக்கு, சுருக்கமாகப் போர்டுக்கு, வரவேண்டும். பிறகு பயாஸ் என்ற சிறு நிரல் எழுந்து, ரேம் என்ற தற்காலிக நினைவகத்தையும் திரையையும் சோதிக்கும். அதன் பிறகு விண்டோஸும் உங்கள் கோப்புகளும் இருக்கும் டிஸ்க்கைத் தேடிப்பிடித்து, கடைசியாகத்தான் விண்டோஸிடம் ஒப்படைக்கும். தயாரிப்பாளரின் சின்னம்கூடத் திரையில் வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் தண்ணீர் இரண்டாவது மதகிலேயே நிற்கிறது.

முதலில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், படம் மட்டும்தான் வரவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரை மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஏதாவது தெரிந்தால் திரையின் பின்னொளி போயிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியோடு இணைத்தால் படம் அதில் வந்துவிடும், அதை வைத்து அன்றைய வேலையை ஓட்டலாம். நான் ஒரு வாரம் அப்படி ஓட்டினேன். அடங்கலை அத்தனை பெரிய எழுத்தில் எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை.

கேப்ஸ் லாக் அசையவே இல்லை, அல்லது தானாகவே விட்டுவிட்டு மின்னுகிறது என்றால் முதல் சந்தேகம் ரேம். எத்தனை முறை மின்னுகிறது, எத்தனை முறை பீப் ஒலிக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அது சும்மா அல்ல, எந்தப் பாகத்தில் கோளாறு என்று சொல்லும் குறியீடு. பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும்.

ரேமைத் தொடும் முன் சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். சில நேரம் இந்த ஒன்றிலேயே லேப்டாப் எழுந்துவிடுகிறது, எனக்கே இருமுறை நடந்தது. எழவில்லையென்றால் பின்மூடியைத் திறக்க வேண்டும். பேட்டரி உள்ளேயே பொருத்திய மாடலில் அதன் இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு, ரேமின் இரு பக்கக் கொக்கிகளையும் வெளிப்பக்கம் தள்ளினால் அது சாய்வாக எழும்பி நிற்கும். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, சாய்வாகவே செருகி, கொக்கி பிடிக்கும் சத்தம் வரும்வரை அமுக்குங்கள். ரேம் இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றொன்றை. மாட்டிய பிறகு முதல் தடவை திரை வரச் சில நிமிடம் ஆகலாம், அதற்குள் அணைத்துவிடாதீர்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே இந்த வைத்தியம் பலிக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் உப்பே கசிந்து ஓடும், ரேமின் பற்கள் எம்மாத்திரம்? ஒருமுறை திறந்தபோது ரேமின் அடியில் எறும்புகள் முட்டையோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

விளக்குகூட எரியவில்லை என்றால்தான் சார்ஜரைச் சந்தேகப்பட வேண்டும். மும்முனை மின்சாரம் வந்து மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது டியூப்லைட் துடிக்கும். அந்தக் குறைந்த மின்னழுத்தத்துக்காகப் பயப்பட வேண்டாம், சார்ஜரின் மேலேயே 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். போன கரண்ட் திரும்பி வரும் வேகம்தான் ஆபத்து. கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவது என் வழக்கம்.

ரேமைச் சரிசெய்த பிறகு சின்னம் வந்து, டிஸ்க் இல்லை என்ற செய்தியோடு நின்றால் முதலில் யாராவது செருகிவைத்த பென் டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், என் கடையில் பாதி நாள் அதுதான் காரணம். இல்லையென்றால் எஃப்2 போன்ற விசையால் பயாஸுக்குள் போய் டிஸ்க் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் போர்டில் இருக்கும் சிறிய பட்டன் செல் தீர்ந்திருக்கும். பல மாடல்களில் அது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் செல், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

விண்டோஸின் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பது இவை எல்லாவற்றுக்கும் பிந்திய கட்டம். 2019ல் எனக்கு அது வந்தபோது, நீங்கள் இப்போது நினைப்பதைத்தான் செய்தேன். டிஸ்க்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டேன். பதினைந்தே நாளில் மறுபடி அதே வட்டம். டிஸ்க்கே செத்துக்கொண்டிருந்திருக்கிறது. கடைக் கணக்கும் மகளின் காதுகுத்துப் படங்களும் வீணாகப் போயின. பென் டிரைவிலிருந்தே, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஓட்டி முதலில் கோப்புகளை நகலெடுத்திருக்க வேண்டும். இப்போது வரும் லேப்டாப்பானால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம், அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், செல்போனிலேயே உள்ளே போய் இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரேமைத் தேய்த்தும் டிவியில் பார்த்தும் ஒன்றும் வரவில்லை என்றால் அது போர்டு வேலை, கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். தனியாகக் கழற்ற முடிகிற டிஸ்க் என்றால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். போர்டைச் சரிபார்க்க அது தேவைப்படாது.